சட்டையின் உள்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கு உடை தைத்து விற்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறை சொல்லவென்று எழுதவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முழுப்பக்கத்தில் மெஷின் வாங்குவது, படம் எடுப்பது, ஆர்டர் பிடிப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் விரிவாக வந்துவிட்டது. சட்டையின் உள்பக்கம் தைக்க வேண்டிய ஒரு விரல் அகல லேபிளைப் பற்றி வந்தது ஒரே ஒரு வரி. உங்கள் பிராண்டு பெயரை அழகாக அச்சடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த வரி. அதைப் படித்துவிட்டு அப்படியே விட மனம் வரவில்லை.

ஏனென்றால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்பது வருடமாகக் குழந்தைகளுக்குத் தைக்கிறேன், முதலில் சொந்தக்காரக் குழந்தைகளுக்கு, அப்புறம் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு, இப்போது முகம் தெரியாதவர்களுக்கு, கடல் தாண்டி இருப்பவர்களுக்கும் சேர்த்து. முதல் இரண்டு வருடம் என் லேபிளில் இருந்தது ஒரு பூவும் ஒரு பெயரும் மட்டும்தான். துணி என்ன, எப்படித் துவைக்க வேண்டும், யார் தைத்தார், எப்போது தைத்தார், ஒன்றும் கிடையாது. அதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு, நாம் கையால் தைக்கிறவர்கள், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். இன்றும் என்னோடு தைக்கிற பலர் அதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நாடுகளில் விதி நம்மைப் பார்ப்பது அப்படி இல்லை. தைத்து விற்கிறவர் எவரோ அவரே உற்பத்தியாளர். ஆயிரம் மெஷின் ஓடும் ஆலையா, சமையலறைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒற்றை மெஷினா என்று சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. சில சலுகைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றும் எனக்கு வெகு நாள் தெரியாது. பொருந்துவது தைக்கிற இடத்தின் விதி மட்டுமல்ல, போய்ச் சேருகிற இடத்தின் விதியும்தான். அமெரிக்காவில் துணி இழைகளின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1958-ல் வந்தது. அதன்படி எந்த இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் ஆனது, யார் பொறுப்பு, இந்த மூன்றும் உடையில் இருக்க வேண்டும். துவைக்கும் முறையையும் போட வேண்டும் என்ற விதி 1971-ல் அதோடு சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை இழைப் பெயர்களை வற்புறுத்துகிறது, அதுவும் எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டு மொழியில், சுருக்கெழுத்து இல்லாமல். துவைக்கும் முறையை அந்த ஒழுங்குமுறை கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கேட்பார்கள். இந்தியாவிலோ பொட்டலமாக விற்கும் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதமும் வருடமும், அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு இவற்றையெல்லாம் கேட்கின்றன, இணையத்தில் விற்றால் இவற்றில் பெரும்பாலானதைத் திரையிலும் காட்டச் சொல்கின்றன. ஒரே கவுன், நாலு திசைக்குப் போனால் நாலு விதமான கேள்வி. தலை சுற்றும்தான். எனக்கும் சுற்றியது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேட்பது ஐந்தாறு விஷயம்தான்: எதனால் ஆனது, யார் செய்தது, எங்கே, எப்போது, எந்த அளவு, எப்படித் துவைப்பது.

இதில் சுலபம் என்று தோன்றுவது முதல் கேள்வி. நான் மாட்டிக்கொண்டதும் அதில்தான்.

ஒரு முறை வெள்ளையில் சின்னப் புள்ளி போட்ட துணி மொத்தமாக வாங்கினேன். விற்றவர் சுத்தக் காட்டன் என்றார். கைக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பது ஜப்லா தைத்து, லேபிளில் '100% பருத்தி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு தாய் எழுதினார், குழந்தைக்கு வேர்க்குரு மாதிரி வருகிறது, இது நிஜமாகவே பருத்தியா என்று. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் மிச்சத் துணியில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்தினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் பஞ்சு மாதிரி உதிரும். கம்பளியும் பட்டும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். பாலியெஸ்டர் எரிவதற்கு முன் உருகிச் சுருளும், ஆறினால் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். என் துண்டு பாதி காகித வாசத்தோடு எரிந்தது, ஓரத்தில் கெட்டிக் கறுப்பு மணிகள் நின்றன. கலப்பு. குழந்தைக்கு அதனால்தான் அப்படி ஆயிற்றா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் நான் போட்ட லேபிள் பொய், அது நிச்சயம். முப்பது பேருக்கும் தனித்தனியாக எழுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். துணி விற்றவரிடம் கேட்டதற்கு, லேபிளில் போடப் போகிறீர்கள் என்று எனக்கு என்ன தெரியும் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நான் பில்லில் இழையின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து இழையும் சதவீதமும் பில்லில் எழுதி வராத துணியை நான் விற்பனைக்குத் தைப்பதில்லை. கொளுத்திப் பார்ப்பது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும், கலப்பில் எத்தனை சதவீதம் என்று அது சொல்லாது. சதவீதம் தெரிய வேண்டுமானால் துணியை நெய்தவரின் தாளோ ஆய்வகமோதான் வழி. வெட்டுத்துண்டு மூட்டையில் கிடைக்கிற துணி அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் என் வீட்டுக் குழந்தைகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

பெயர்களிலும் ஒரு பெரிய குழப்பம். சாட்டின், வெல்வெட், ஃப்ளீஸ், மஸ்லின் என்று லேபிளில் எழுதிவிட்டு இழையைச் சொல்லியாயிற்று என்று நினைக்கிறோம். இவை துணி நெய்த அல்லது முடித்த விதத்தின் பெயர்கள். சாட்டின் பட்டிலும் வரும், பாலியெஸ்டரிலும் வரும். விதி கேட்பது இழையை. அதிகம் இருப்பது முதலில், குறைவு பிறகு, எடை சதவீதத்தில். அமெரிக்க விதியில் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைப் பொதுவாக 'மற்ற இழை' என்று எழுதலாம், ஆனால் நீட்சிக்காகச் சேர்த்த ஸ்பான்டெக்ஸ் மாதிரி ஒரு வேலைக்காக இருப்பதைப் பெயர் சொல்லலாம். கம்பளிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 1939-லேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள், எவ்வளவு குறைவாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஸ்வெட்டர் பின்னி விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், நூல்கண்டின் மேல் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், லேபிளுக்குத் தேவையானது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அப்புறம் மூங்கில் துணி. குழந்தை உடை விற்கிற எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூங்கில், மூங்கில், மூங்கில். மென்மையாக இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடையில் கிடைக்கிற மூங்கில் துணியில் பெரும்பாலானது மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, மறுபடி இழையாக இழுத்தது. அதன் பெயர் ரேயான், அல்லது விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து வந்தாலும் மூங்கிலிலிருந்து வந்தாலும் முடிவில் அதே பொருள்தான். அதனால்தான் அமெரிக்காவில் 'மூங்கிலிலிருந்து செய்த ரேயான்' என்றுதான் எழுத வேண்டும், வெறும் 'மூங்கில்' கூடாது. 2013-ல் இதற்காகவே நான்கு பெரிய விற்பனை நிறுவனங்கள் சேர்ந்து 12.6 லட்சம் டாலர் அபராதம் கட்டின. 2022-ல் இன்னும் இரண்டு நிறுவனங்கள், 55 லட்சம் டாலர். பெரிய நிறுவனங்களில் இதைப் பார்க்கவே ஆள் வைத்திருப்பார்கள், அவர்களே வழுக்கியிருக்கிறார்கள். நாம் துணி விற்பவர் சொன்ன பெயரை அப்படியே லேபிளில் போட்டுக்கொண்டு 'இயற்கை, ரசாயனம் இல்லாதது' என்று வேறு சேர்த்துக்கொள்கிறோம். ரசாயனம் இல்லை என்று எழுதுகிறவரிடம் சாயம் எது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அசோ என்ற வகைச் சாயங்களில் சில, உடைந்து தருகிற அமீன் என்ற ரசாயனங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதால் ஐரோப்பாவில் தோலில் படும் துணிகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. குழந்தை கழுத்துப் பட்டியை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருக்கும், அதை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

துவைக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. எழுதுவதற்கு முன் துவைத்துப் பாருங்கள். நிறையப் பேர் யாரோ ஒருவர் லேபிளிலிருந்து படங்களை அப்படியே நகல் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். தொட்டி துவைப்பதற்கு, முக்கோணம் வெளுப்பதற்கு, சதுரம் காய வைப்பதற்கு, வட்டம் கடையில் உலர் சலவைக்கு. கைவேலை செய்த பட்டுக் கவுனுக்கு 60 டிகிரி வெந்நீர்த் தொட்டி போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன், படம் நன்றாக இருக்கிறது என்று போட்டாராம்! அமெரிக்க விதி துவைக்கும் முறைக்குத் தகுந்த ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்கிறது. நான் செய்வது இது: துணி வாங்கியதும் ஒரு சதுரம் வெட்டி, நான்கு பக்கமும் அளந்து, எம்பிராய்டரி நூல், லேஸ், லைனிங் எது சேரப் போகிறதோ அதையும் சேர்த்துத் தைத்து, நாலைந்து முறை துவைத்து மறுபடி அளப்பேன். சாயம் போகிறதா, சுருங்குகிறதா, லேஸ் மட்டும் சுருங்கித் துணி அலைபாய்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். உடையிலேயே பலவீனமான பொருள் எதுவோ அதற்கேற்பத்தான் முறையை எழுத வேண்டும், துணிக்கு மட்டும் பார்த்து எழுதினால் பட்டன் உருகும்.

சரி, இதையெல்லாம் எங்கே தைப்பது? இது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் அம்மாக்களிடமிருந்து எனக்கு அதிகம் வந்த புகார் இதுதான். முதலில் நான் கெட்டி சாட்டின் நாடாவில் அச்சடித்து, ஓரத்தைச் சூடு வைத்து வெட்டி, கழுத்தின் பின்பக்கம் தைத்தேன். சூடு வைத்த ஓரம் ரம்பம் மாதிரி ஆகிவிடும், குழந்தையின் கழுத்தில் சிவப்புக் கோடு விழும். அம்மா என்ன செய்வார், கத்தரிக்கோலை எடுத்து வெட்டி எறிவார். எல்லா விவரமும் குப்பைக்குப் போய்விடும். இப்போது மெல்லிய பருத்தி நாடாவில் அச்சடித்து, இடது பக்கத் தையலில் இடுப்புக்குக் கீழே, இரண்டு துணிக்கும் நடுவே வைத்து மேலேயே ஓவர்லாக் போட்டுவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு வெளிப்பக்கமே தைப்பேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவுக்குப் போவதில் மட்டும், கழுத்து உள்ள உடைக்கு நாட்டின் பெயர் கழுத்தின் பின்பக்கம் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், அந்த ஒரு வரியை அங்கே துணியிலேயே அச்சடித்துவிட்டு மற்றதைப் பக்கத் தையலில் வைக்கிறேன்.

இரவு உடையைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இரவு உடைக்கென்று தனி விதி இருப்பதே தெரியாது. தொளதொளவென்று காற்றோட்டமாக, முட்டிக்குக் கீழே வரைக்கும், பருத்தியில் தைத்தால்தான் குழந்தைக்கு நல்லது என்று நினைக்கிறோம், உடம்புக்கு நல்லதுதான், நெருப்புக்கு அதுவே வசதி. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற காற்று, தீ பற்றினால் மேலே ஏறுவதற்கு வழி விடுகிறது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று தரம் கொண்டுவந்தார்கள். கம்பெனிகள் என்ன செய்தன, துணியில் தீத்தடுப்பு ரசாயனத்தை ஏற்றின. அதில் ஒன்றான ட்ரிஸ் மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று தெரிந்து, 1977-ல் குழந்தை உடையில் அதைத் தடை செய்தார்கள். ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றப் போய் இன்னொன்றைக் குழந்தைக்குப் போர்த்திவிட்டார்கள். பிறகு 1996-ல் ஒரு நடுவழி வந்தது. ஒன்பது மாத அளவைத் தாண்டி, அமெரிக்க உடை அளவில் 14 வரைக்கும் உள்ள இரவு உடை தீத்தடுப்புச் சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், மார்பு, இடுப்பு, தொடை, மணிக்கட்டு என்று ஒவ்வோர் இடத்துக்கும் அளவு வரம்பு உண்டு. அப்படி ஒட்டித் தைத்ததில் 'உடம்போடு ஒட்டி அணியவும், தீத்தடுப்பு இல்லை' என்ற பொருளில் கழுத்தில் ஒரு நிரந்தர லேபிள், தொங்கவிடுவதற்கு ஒரு மஞ்சள் அட்டை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் குழந்தைகளின் இரவு உடையில் தீ அபாயம் எவ்வளவு என்று சொல்லும் லேபிள் கட்டாயம்.

இது தெரிந்த பிறகு என் பட்டியலில் இருந்த தொள இரவு கவுன்களைத் தூக்கிவிட்டேன். பெயரை மாற்றி 'வீட்டு உடை' என்று போட்டு விற்கலாமே என்று ஒரு தோழி சொன்னார். பூனைக்குட்டி தூங்குகிற படமும் நிலாவும் நட்சத்திரமும் போட்ட துணியில் தைத்துவிட்டு அது இரவு உடை இல்லை என்று சாதிக்க எனக்கு முகம் இல்லை. பெயரை மாற்றினால் நெருப்புக்குத் தெரியவா போகிறது?

கயிறு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது லேபிள் இல்லை என்றாலும். தலைத்தொப்பியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டுகிற கயிறு வேண்டாம். சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தரம் ஏழு வயது வரைக்கும் அந்த இடங்களில் இழுகயிறு கூடாது என்கிறது, அமெரிக்காவில் அதைக் கணிசமான ஆபத்து என்றே 2011-ல் விதியாக்கிவிட்டார்கள். லேபிளில் 'கவனம்' என்று எழுதிவிட்டுக் கயிறு போடுவதெல்லாம் செல்லாது.

இப்போது தேதி. ஏன் தைத்த தேதியை எழுத வேண்டும், பலகாரமா கெட்டுப்போக என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 2008-ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்திருத்தம், பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான பொருள்களில் செய்தவர் யார், எங்கே, எப்போது, எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்கும்படி அழியாத குறி வேண்டும் என்றது, 2009 ஆகஸ்டிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. நான் அதைப் படித்தபோது என்னடா இது அரசாங்கக் கெடுபிடி என்றுதான் நினைத்தேன். போட்டு வைத்தேன், நாலு எழுத்து எண் ஒன்று, வருடம், மாதம், அந்த மாதத்தில் எத்தனையாவது தொகுதி. ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் துணி பில், நூல், பட்டன் எந்தப் பாக்கெட், எத்தனை உருப்படி, யார் யாருக்குப் போனது.

பிறகு ஒரு நாள் டிச் பட்டன் ஒன்று கழன்று குழந்தையின் வாயில் கிடந்தது என்று படத்தோடு செய்தி வந்தது. நல்ல வேளை, எடுத்துவிட்டார்கள். லேபிளில் என்ன எண் என்று கேட்டேன், சொன்னார், நோட்டைத் திருப்பினேன், அந்தப் பாக்கெட் பட்டன் போனது மொத்தம் பதினொரு உடையில். அன்று மாலைக்குள் பதினொரு பேருக்கும் சொல்லிவிட்டேன். அந்த எண் இல்லாவிட்டால் அந்த வருடம் தைத்த இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் எழுத வேண்டியிருந்திருக்கும், அல்லது, நம் பலவீனம் தெரிந்ததுதானே, ஒருவருக்கும் எழுதாமல் ஒன்றும் ஆகாது என்று சாமியைக் கும்பிட்டு உட்கார்ந்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான சிறு துண்டுகள் பற்றிய அமெரிக்கத் தடையிலிருந்து உடையின் பட்டனுக்கு விலக்கு இருக்கிறது. விதி விலக்குக் கொடுத்துவிட்டது என்பதற்காகத் தொண்டை விலக்குக் கொடுக்காது. இப்போது ஒவ்வொரு பட்டனையும் இடுக்கியால் இழுத்துப் பார்க்கிறேன், ஒரு வயதுக்குள் என்றால் பட்டனே இல்லாமல் துணி முடிச்சு.

இவ்வளவும் எழுதிவிட்டு விதி போடுகிறவர்களை ஒன்றும் கேட்காமல் விட்டால் அது நியாயம் இல்லை. இந்த விதிகள் எல்லாமே ஆலையை மனதில் வைத்து எழுதியவை. ஒரே மாதிரி பத்தாயிரம் சட்டை தைக்கிறவருக்கு ஒரு ஆய்வகச் சோதனையின் செலவு ஒரு சட்டைக்கு ஒன்றுமே இல்லை. மூன்றே கவுன் தைக்கிற என்னிடம் அதே சோதனையைக் கேட்டால் கவுனின் விலையை விடச் சோதனை பெரிதாகிவிடும். 2008 சட்டம் வந்தபோது அங்கே கைவேலைக்காரர்கள் போட்ட சத்தம் இதனால்தான், அந்தச் சத்தத்துக்குப் பலனும் கிடைத்தது. சாயம் போட்ட சாதாரணத் துணிகளில் ஈயம் வரம்பைத் தாண்டாது என்று தீர்மானித்து அவற்றுக்குச் சோதனை வேண்டாம் என்றார்கள். அதனால் கவலை ஜிப், உலோக பட்டன், பெயின்ட் அச்சு என்று சுருங்கியது. அவற்றில் வரம்பு பொருளுக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு, பெயின்ட்டுக்கு 90. ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள்ளும் ஒரே பொருள் 7,500 எண்ணிக்கைக்குள்ளும் இருக்கிற சிறு உற்பத்தியாளர்கள் பதிவு செய்துகொண்டால் சில சோதனைகளை வெளி ஆய்வகத்தில் செய்ய வேண்டாம் என்றும் சலுகை தந்தார்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையிலும், சுயமாகத் தொழில் செய்கிற தையல்காரர் ஒருவருக்கென்று அளவெடுத்துத் தைப்பதற்கு இழை லேபிள் தேவையில்லை என்று இருக்கிறது. அது சரிதான், எதிரே நிற்கிறவர் துணியைத் தொட்டுப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார். ஆனால் இதைச் சாக்காக வைத்து, பத்து உருப்படி முன்கூட்டியே தைத்து அடுக்கிவிட்டு எல்லாம் ஆர்டர் மேல் தைத்தது என்று சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். சலுகை எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள், விட்டுக்கொடுத்தது சோதனையிலும் தாளிலும்தான், பெயரும் தேதியும் போட வேண்டும் என்பதில் அந்த அமெரிக்கச் சட்டம் சின்னவர்களுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் குறை வேறு. இந்த விதிகள் எதுவும் தைக்கிறவர்கள் படிக்கிற மாதிரி இல்லை. நான் மூன்று வருடமாக, தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். நம் மொழியில் ஒரே ஒரு பக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பினால் லேபிளில் என்னென்ன, எந்த இடத்தில், எந்தச் சொல்லில் என்று இருந்தால் என்னைப் போன்றவர்கள் எவ்வளவு தவறு செய்யாமல் இருந்திருப்போம். விற்பனைத் தளங்களும் படம் எத்தனை பிக்சல் என்று கேட்கிற அக்கறையில் நூறில் ஒரு பங்கையாவது இழை என்ன என்று கேட்பதில் காட்டலாம். அரசாங்கம் செய்யட்டும், தளம் செய்யட்டும் என்று காத்திருப்பதை விட ஒரு பத்திரிகை நினைத்தால் இதை ஒரு மாதத்தில் செய்துவிடலாம் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். விதி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வருடத்துக்கு ஒரு முறை சரிபார்த்துப் போட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள் யாரும் லேபிள் படிப்பதில்லை என்று சிலர் எனக்குப் பதில் எழுதுவார்கள். உண்மை, சட்டை நன்றாக இருக்கும் வரைக்கும் யாரும் படிப்பதில்லை. ஆனால் உடை ஒரு குழந்தையோடு நிற்பதில்லையே. என் கவுன் ஒன்று அக்காவிடமிருந்து தங்கைக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்கு, அங்கிருந்து யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்குப் போய், அந்தக் குழந்தையின் தாத்தா லேபிளில் இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து என்னைக் கூப்பிட்டு, அம்மா இதை வெந்நீரில் போடலாமா என்று கேட்டார். தைத்து ஆறு வருடம் ஆன கவுன் அது.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தோடு இரண்டு லேபிள் வைத்திருக்கிறேன். ஒன்று விவரம் போட ஆரம்பித்த புதிதில் ரப்பர் ஸ்டாம்பும் சாதாரண மையும் வைத்து நான் போட்டது, மற்றொன்று இப்போது போடுவது. இரண்டையும் ஒரே பழைய துண்டில் தைத்து முப்பது தடவை துவைத்தேன். முதலாவதில் என்ன எழுதியிருந்தது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது படித்தால் எனக்கும் சொல்லுங்கள், எனக்கே மறந்துவிட்டது.

இப்படிக்கு,
குழந்தைகளுக்குத் தைக்கும் ஒரு வாசகி